பதினான்காம் எண்ணுக்கு நாற்பது நிமிடம்

தற்செயலாகப் போய்ச் சேர்ந்ததுபோல இருக்க வேண்டும். அதற்காக அவர் ஐந்து நாட்களாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

நகரப் பேருந்து அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடங்களாகக் கால அட்டவணை எழுதுகிறவர். எந்த வண்டி எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும், அங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும், தாமதமானால் எந்தெந்த நிறுத்தங்களை விட்டுவிட்டு ஓட வேண்டும் என்பதெல்லாம் அவருடைய பென்சில் முனையிலிருந்து புறப்படுகிறவை. கோபம் வந்தால் மனைவி அவரை ‘டைம்டேபிள்’ என்பாள். கோபம் தணிந்தாலும் அதே பெயர்தான். குரல் மட்டும் மாறும்.

வரைபடத்தைக் கொண்டுவந்தது மனைவிதான். அவள் மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதிக்கிறவள். ஆட்களைக் கண்ணாடி வைத்த சிறிய அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்கிற வேலை. வரவேற்பு மேசையில் அடுக்கிவைத்திருந்த தாள்களில் ஒன்றை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள். ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை மாலை, ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை, நகரத்தின் நடுவிலிருக்கும் கடைத்தெருவில் ‘ஓவிய நடை’ நடக்கிறதாம். ஓவியக் கூடங்கள் மட்டுமல்ல. தையல் கடை, மூக்குக் கண்ணாடிக் கடை, சலூன் என்று எல்லாரும் சுவரில் படங்களை மாட்டிக் கதவைத் திறந்து வைப்பார்களாம். யார் வேண்டுமானாலும் கடை கடையாக ஏறி இறங்கிப் பார்த்துக்கொண்டு போகலாம். வரைபடத்தில் இருபத்திரண்டு இடங்களுக்கு இருபத்திரண்டு எண்கள்.

பதினான்காம் எண் ஒரு சலூன். அதற்கு நேரே அவருடைய தங்கையின் பெயர் இருந்தது. ‘தனிச் சுவர், இந்த மாதம் மட்டும்’ என்றும் சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

தங்கை உங்களிடம் சொன்னாளா என்று மனைவி கேட்டாள். அவர் இல்லையென்று தலையசைத்தார். அவளிடமும் சொல்லவில்லை. அவர் எழுந்து போய்த் தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். அதற்குப் பிறகு அன்று அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. மறுநாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டே, வெள்ளிக்கிழமை உனக்கு எத்தனை மணிக்கு வேலை முடியும் என்று மட்டும் கேட்டார். மனைவிக்கு அது போதுமானதாக இருந்தது.

தங்கைக்குப் பல் செய்கிற கூடத்தில் வேலை. மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல்லைச் செதுக்கி, வாயிலிருக்கும் பக்கத்துப் பல்லோடு நிறம் சேரும்படி தீட்ட வேண்டும். பதினாறு வெள்ளைகள் வரிசையாகக் கோத்த மாதிரிப் பட்டை ஒன்று அவள் மேசையில் எப்போதும் கிடக்கும். பதினாறு எந்த மூலைக்கு என்பாள். தேநீர் குடிக்கிறவரின் வெள்ளை, இரவுப் பணி பார்க்கிறவரின் வெள்ளை, அதிகம் சிரிக்காதவரின் வெள்ளை என்று அவளிடம் வேறு கணக்கு இருந்தது. வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்து அவள் வரைகிற படங்களும் வெள்ளைதான்.

இரண்டு வருடங்களுக்கு முன் அப்படி ஒரு படத்தைத் துண்டில் சுற்றி அண்ணன் வீட்டுக்கு எடுத்துவந்தாள். வெள்ளைத் துணிமேல் ஒரு வெள்ளைத் தட்டு. அவர் அதன்முன் ஒரு நிமிடம் நின்றார். பிறகு, “இதுல ஒண்ணுமே இல்லையே, பாப்பா” என்றார்.

அவள் சிரித்தாள். படத்தைத் திரும்பவும் துண்டில் சுற்றினாள். மூன்று முனைகளை மடித்து, நான்காவது முனையை உள்ளே செருகினாள். அந்த நான்காவது முனை அவர் மனதை விட்டு இன்னும் போகவில்லை. சில நாள் அலுவலகத்தில் பென்சிலை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்து மேசைக்காரர் ஏதோ வண்டிக்குத் தடம் யோசிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்.

சண்டை என்று எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் தங்கை பேசுவாள். தண்ணீர் மோட்டார், அண்ணனுடைய ரத்த அழுத்த மாத்திரை, அண்ணியின் முதுகு வலி என்று எல்லாம் பேசுவார்கள். படம் என்ற சொல் மட்டும் வராது. வீட்டில் ஓர் அறையைப் பூட்டிவிட்டு மற்ற அறைகளில் சகஜமாக நடமாடுவதுபோல இரண்டு வருடம் ஓடிவிட்டது. இப்போது அவளுக்கென்று ஒரு தனிச் சுவர். அதை அவள் சொல்லவில்லை. இந்த வெள்ளிக்கிழமையும் போகாமல் இருந்துவிட்டால் அதுவே தன் இரண்டாவது பதில் ஆகிவிடும் என்று அவருக்குப் பட்டது. முதல் பதிலையாவது வாய் தவறி வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

போவது சரி; எப்படிப் போவது? நேராகப் போய் அந்தச் சுவரின்முன் நின்றால் பரிசோதனைக்கு வந்த அதிகாரிபோல இருக்கும். அவள் படத்தைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவருடைய முகமோ, மனைவி சொல்வதுபோல, மூடிய கடை. ஆகவே வழியில் பத்து இடங்களில் ஏறி இறங்கி, பதினோராவதாக, அடடா நீ இங்கேயா என்று போய் நிற்க வேண்டும். இதற்குத்தான் திட்டம்.

செவ்வாய்க்கிழமைக்குள் ஒரு முழுத்தாள் தயாராகிவிட்டது. கோடு போட்டுக் கட்டம் கட்டி, பென்சிலால் நுணுக்கி எழுதியிருந்தார். வீட்டிலிருந்து புறப்பாடு 5:20. ஒரு வண்டி, சந்திப்பில் இறங்கி இன்னொரு வண்டி. கடைத்தெருவின் தெற்கு முனை 6:05. முதலில் மண்பொம்மைக் கடை மூன்று நிமிடம், தையல் கடை மூன்று நிமிடம், புகைப்படக் கூடம் நான்கு நிமிடம். பதினான்காம் எண்ணுக்கு வந்து சேர்வது 7:10. அங்கே நாற்பது நிமிடம். அதன் ஓரத்தில் ஒரு சின்ன நட்சத்திரம்.

அந்த நட்சத்திரம் அவர்கள் அலுவலகத்துப் பழக்கம். ஒரு நிறுத்தத்தின் ஓரத்தில் அது இருந்தால், எவ்வளவு தாமதமானாலும் இணைப்பு வண்டி வந்து ஆட்கள் ஏறும்வரை அங்கிருந்து புறப்படக்கூடாது என்று பொருள். தங்கை பள்ளியில் படித்த காலத்தில் அவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தார். அப்போது வீட்டுக்குக் கொண்டுவந்த தாள்களில் அவள் நட்சத்திரங்களைத் தேடித் தேடி வட்டம் போடுவாள்.

மனைவி தாளைக் கையில் வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

“ஏங்க, தண்ணி குடிக்க எத்தனை நிமிஷம்னு போடலையே?”

“ஆறாவது வரி. ரெண்டு நிமிஷம்.”

அவள் பார்த்தாள். ஆறாவது வரியில் இருந்தது. தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றாமல் சிரிக்கவும் முடியாமல் தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

அங்கே நின்று என்ன சொல்வது என்பதற்கும் அவர் மூன்று வாக்கியங்கள் தயார் செய்திருந்தார். முதலாவது, ஓய்வுபெறுகிறவருக்குப் படிக்கும் பாராட்டுரைபோல இருந்தது. இரண்டாவதில் ‘வெண்மையின் ஆழம்’ என்று ஒரு சொல் வந்தது. அதை எழுதியபோது அவருக்கே கூச்சமாக இருந்தது. மூன்றாவது, ‘நல்லா இருக்கு.’ மனைவி மூன்றையும் கேட்டுவிட்டு அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்த பிறகுதான் பேசினாள்.

“ஒண்ணும் சொல்லாதீங்க. சும்மா நின்னு பாருங்க. பேசாம நிக்கிறதுதான் உங்களுக்குக் கைவந்த கலையாச்சே.”

வெள்ளிக்கிழமை எல்லாம் நிமிடம் பிசகாமல் தொடங்கியது. 5:20க்குப் பூட்டினார்கள். முதல் வண்டி சரியாக வந்தது. சந்திப்பில் இறங்கி, கடைத்தெருவுக்குள் போகும் இருபத்தேழாம் எண் வண்டிக்காக நிழற்குடையில் நின்றார்கள். ஐந்து நிமிடத்தில் வந்திருக்க வேண்டும். பத்து நிமிடமாயிற்று. அவர் கடிகாரத்தைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக இருந்தார். ஓட்டுநர் யார், எங்கே தேநீர் குடித்துக்கொண்டு நிற்கிறார், திங்கட்கிழமை அவரை எப்படி விசாரிக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். இருபது நிமிடமாயிற்று. நிழற்குடையில் அவர்களைத் தவிர யாரும் இல்லை என்பது மனைவிக்குத்தான் முதலில் உறைத்தது. அவள் நகர்ந்து அவருடைய தோளுக்குப் பின்னால் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளிடம் போனாள். சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக, சோதனை அறையில் படிப்பதுபோலப் படித்தாள்.

“அறிவிப்பு. முதல் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் தடம் இருபத்தேழு இந்த நிறுத்தத்துக்கு வராது. மாற்றுப்பாதையில் செல்லும். காரணம், நிகழ்ச்சி. இப்படிக்கு…”

அங்கே நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். இப்படிக்குக் கீழே இருந்தது அவருடைய கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் மேலே சுருண்டு போகும். உலகத்தில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் அவர்தான் அந்த மாற்றுப்பாதையை எழுதினார். அலுவலகத்தில் அதற்கு ‘மூணாம் மாற்று’ என்று பெயர். மாதக் கடைசியில் நாற்பது தாள்களோடு அதுவும் வரும். தேதியை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடுவார். என்ன நிகழ்ச்சி என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. எந்தத் தெருவை மாதாமாதம் மூடுகிறாரோ அதே தெருவுக்கு வண்டியில் போகத் திட்டம் போட்டிருக்கிறார், ஐந்து நாள் உட்கார்ந்து, பென்சிலைச் சீவிச் சீவி.

மனைவி வெகு நேரம் சிரிக்கவில்லை. அதுதான் ஆபத்து என்று அவருக்குத் தெரியும். கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“திங்கட்கிழமை யாரையோ விசாரிக்கணும்னீங்களே?”

அவர் கட்டம் போட்ட தாளைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். நடக்கத் தொடங்கினார்.

சந்திப்பிலிருந்து கடைத்தெரு அரை மணி நடை. பாதியில் மனைவியின் செருப்புக் கடித்தது. ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து எழுந்தார்கள். தெருவின் தெற்கு முனைக்கு வந்தபோது ஏழு ஆகியிருந்தது. குறுக்கே தடுப்பு வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம், வண்டிகள் ஓட வேண்டிய இடமெல்லாம் மனிதர்கள். நடுத்தெருவில் நின்று ஒருவர் ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தையல் கடை வாசலில் உடையில்லாத பொம்மையின்மேல் ஒரு கடற்கரைப் படத்தைச் சாய்த்திருந்தார்கள். இருபத்தேழு போகிற தடத்தில் இரண்டு குழந்தைகள் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தன. அவர் தடுப்பின்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். தன் கையெழுத்துக்கு இந்தப் பக்கம் இப்படி ஒரு மாலை இருந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

இப்போது மண்பொம்மைக் கடை, தையல் கடை என்று ஏறி இறங்கினால் பதினான்காம் எண்ணுக்குப் போய்ச் சேர எட்டு தாண்டிவிடும். தாமதமான வண்டிக்கு அவர் எழுதிவைத்த விதி அவருக்கே தெரியும்: நடு நிறுத்தங்களை விட்டுவிடு. ஆனால் நேராகப் போனால் தற்செயல் எங்கே? வேர்த்து விறுவிறுத்து, சட்டை முதுகோடு ஒட்டி, அதற்கென்றே வந்தவராகப் போய் நிற்க வேண்டும். மண்பொம்மைக் கடையில் ஒரு மூன்று நிமிடமாவது நின்றுவிட்டுப் போகலாமா என்று இழுத்தார்.

“வேண்டாம்,” என்றாள் மனைவி. “அவளைப் பாக்கத்தானே வந்தோம்? அப்போ அவளைப் பாக்க வந்த மாதிரியே போவோம்.”

சலூன் நீளமான, குறுகலான அறை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடியும் மூன்று சுழல் நாற்காலிகளும். எதிர்ச்சுவரில் தங்கையின் படங்கள். அவள் கடைசி நாற்காலியின் கைப்பிடியில் சாய்ந்து நின்றிருந்தாள். நகக்கண்ணில் இன்னும் பல் அச்சின் மாவு. அவர்கள் உள்ளே வந்ததை முதலில் கண்ணாடியில்தான் பார்த்தாள். அண்ணி என்றாள். பிறகு கொஞ்சம் தாமதமாக, அண்ணா என்றாள். முடிதிருத்துகிறவர், வந்தவரின் வேர்வையைப் பார்த்துவிட்டு மின்விசிறியைக் கூட்டினார்.

வீட்டில் தயார் செய்த ‘அடடா, நீ இங்கேயா’ அவர் வாயில் வரவே இல்லை. “நடந்து வந்தோம்,” என்றார். கால் வலித்தது. அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எதிரே கண்ணாடியில் தன் முகமும், அதற்குப் பின்னால் படங்களும் தெரிந்தன. தங்கை நாற்காலியின் அடியிலிருந்த கட்டையைக் காலால் மிதித்து, அவரை மெல்லச் சுவரின் பக்கம் திருப்பிவிட்டாள்.

ஒன்பது படங்கள். ஒன்றுமே இல்லை.

அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் வந்தால் கண் பழகுவதற்கு ஆகும் நேரம்போல, வெள்ளைக்குள் பழகவும் ஒரு நேரம் இருந்தது. முதலில் தட்டின் விளிம்பு வந்தது. பிறகு துணியில் அதன் நிழல். அது சாம்பல் இல்லை, வேறொரு வெள்ளை. இரண்டாவது படத்தில் கொடியில் காயும் உள்சட்டை, தோள்பட்டையில் இன்னும் ஈரம். மூன்றாவதில் ஒரு கோப்பையில் பால். ஆடை படியத் தொடங்கிய ஓரம். வாசலில் யாரோ வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது.

நான்காவதில் மூன்று முனை மடித்து, நான்காவது முனையை உள்ளே செருகிய ஒரு துண்டு இருந்தது. அந்தப் படத்தை அவர் மற்றவற்றைவிட அதிக நேரம் பார்த்தார். தங்கை வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒன்பதாவது, உள்ளங்கை அகலம்தான் இருக்கும். கண்ணாடியின்மேல் ஒட்டிய ஒரு வெள்ளைத் தாள். நான்கு மூலைகளிலும் டேப், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பழுத்த வெள்ளை. வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துகள் தெரியாத மங்கல். தாளின் அடியில் மட்டும், அந்தச் சுவரிலேயே வேறெங்கும் இல்லாத ஒரு நிறம்: நீலத்தில் ஒரு சின்னக் கீற்று. அதன் வால் மேலே சுருண்டிருந்தது.

அவர் வாசலைப் பார்த்தார். தெருவின் எதிர்ப்புறம் பேருந்து நிழற்குடை. அதன் கண்ணாடியில் அதே தாள்.

“ரெண்டு வருஷமா எதிர்வரிசை மூக்குக் கண்ணாடிக் கடையில எனக்கு ஒரு படத்துக்கு இடம் குடுப்பாங்க,” என்றாள் தங்கை. “ஜன்னலோரம் நின்னுக்கிட்டே இருப்பேன். அந்தத் தாள் தெரியும். நீ வரலைன்னாலும் மாசாமாசம் உன் கையெழுத்து வந்துடும்ணா.”

அவர் வீட்டில் தயார் செய்த மூன்று வாக்கியங்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

“அன்னைக்கு இதுல ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிட்டேன், பாப்பா.”

“நீ சொல்லலை. கேட்டே. உன் குரல் எனக்குத் தெரியாதா? எனக்குத்தான் அப்போ பதில் தெரியலை. அதான் சுத்தி எடுத்துட்டுப் போயிட்டேன்.” அவள் நகத்திலிருந்த மாவைச் சுரண்டினாள். “அதுக்கப்புறம் நீ ஒரு தடவைகூடக் கேக்கலை. அதுதான் கோவம்.”

அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியவில்லை என்பது இந்த முறை முகத்தில் அப்படியே தெரிந்திருக்க வேண்டும். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மனைவி குனிந்து, அவர் சட்டைப் பையிலிருந்த தாளை உருவித் தங்கையின் கையில் கொடுத்தாள்.

தங்கை அதைக் கண்ணாடிக்கு மேலிருந்த விளக்கின்கீழ் பிடித்துப் படித்தாள். மண்பொம்மை, மூன்று. தையல் கடை, மூன்று. தண்ணீர், இரண்டு. விரல் கீழே இறங்கி, பதினான்கில் நின்றது.

“நாப்பது நிமிஷமா?” என்றாள். பிறகு தாளைக் கண்ணுக்கு இன்னும் அருகில் கொண்டுபோனாள். “நட்சத்திரம் போட்டிருக்கே.”

“டைப் அடிக்கும்போது தவறி விழுந்திருக்கும்,” என்றார் அவர்.

“பென்சில்ல எழுதினதுங்க,” என்றாள் மனைவி.

தங்கை சிரிக்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடக் காலத்துச் சிரிப்பு, தோள் குலுங்க, சத்தமே இல்லாமல். தாளை நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அதைத் திருப்பிக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

தன் நாற்காலியை ஒருவர் இவ்வளவு நேரமாகச் சும்மா அடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து முடிதிருத்துகிறவருக்குக் கை அரித்திருக்க வேண்டும். உட்கார்ந்தது உட்கார்ந்துவிட்டீர்கள், காதோரம் மட்டும் கொஞ்சம் சரி செய்துவிடட்டுமா என்று பணிவாகக் கேட்டார். அவர் சம்மதித்தார், ஆனால் நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்ப வேண்டாம், இப்படியே சுவரைப் பார்த்தபடி இருக்கட்டும் என்றார். இருபது வருடத் தொழிலில் இப்படி ஒரு வாடிக்கையாளரைப் பார்த்ததில்லை என்று முடிதிருத்துகிறவர் அண்ணியிடம் சொல்லிவிட்டு, வெள்ளைத் துணியை உதறி அவர் கழுத்தைச் சுற்றிக் கட்டினார்.

கத்தரி காதருகே கிச்சுகிச்சு மூட்டியது. நரைத்த முடி துண்டு துண்டாகத் துணியில் விழுந்தது. அவர் இரண்டாம் படத்திலிருந்து மறுபடி தொடங்கியிருந்தார்; அந்த ஈரம் எப்படி வந்தது, அதைக் கேட்க வேண்டும். கேட்பதற்காகத் தலையைத் திருப்பினார்.

“அண்ணா, ஆடாதே.”

தங்கை இரண்டடி தள்ளி நின்று, ஒரு கண்ணைச் சுருக்கி, அவர் மார்மேல் கிடந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைமேல் விழுந்த நரை. அவளுடைய பட்டையில் இருக்கும் பதினாறில் அது இல்லை. கையை நீட்டி, அந்த முடிகளைத் தட்டிவிட வேண்டாம் என்று முடிதிருத்துகிறவருக்கு ஜாடை காட்டினாள்.

“எவ்வளவு நேரம்?” என்று அண்ணன் உதடு மட்டும் அசையக் கேட்டார்.

“நட்சத்திரம் போட்ட இடம்தானே,” என்றாள். “பேசாம இரு.”

அவர் இருந்தார். அசையாமலும் பேசாமலும் இருப்பது எந்தக் காலத்திலும் அவருக்குச் சிரமமாக இருந்ததில்லை.